பள்ளிக்கு முதலில் எது: பெரிய மைதானமா, உள்ளரங்கமா, உடற்கல்வி ஆசிரியரா?

விளையாட்டுக்கென்று ஒரு பள்ளியின் கையில் ஓரளவு பணம் சேர்ந்ததும் நிர்வாகக் கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு கட்டுமானத்தைப் பற்றியதாகவே இருக்கும். செயற்கைப் புல்தரை போடலாம் என்பார் ஒருவர். மழைக்கும் வெயிலுக்கும் உதவும், உள்ளரங்கம் கட்டுவோம் என்பார் இன்னொருவர். நீச்சல் குளம் என்ற ஆசையும் யாராவது ஒருவருக்கு இருக்கும். கூடுதலாக ஓர் உடற்கல்வி ஆசிரியரை நியமிக்கலாமே என்ற குரல் கடைசியில், அதுவும் மெதுவாகத்தான் வரும். சம்பளம் மாதாமாதம் போகும் செலவு, கட்டடமோ ஒரே தடவையில் முடிந்துவிடும் செலவு என்று தோன்றுவதுதான் காரணம். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு வழியையும் எடுத்து வைத்துப் பார்த்தால் ஏன் என்பது விளங்கும்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். எத்தனை கோப்பை வாங்கினோம் என்று பார்த்தால், பள்ளி அணிகளில் இருக்கும் சிலரோடு கணக்கு முடிந்துவிடும். நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு: எந்த அணியிலும் இல்லாத, ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வரும் ஒரு பிள்ளை வாரத்தில் எத்தனை நிமிடம் வியர்க்க வியர்க்க விளையாடுகிறது? 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது சுறுசுறுப்பான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது அது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையிலானவர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் இது 85 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம். பணத்தை எதில் போட்டால் நம் பள்ளியிலாவது இந்த நிலை மாறும் என்பதுதான் கேள்வி.

ஒரு பீரியடுக்குள் நடப்பது

எந்த வசதியையும் ஒப்பிடும் முன் ஒரு உடற்கல்வி பீரியடை அருகில் நின்று பார்க்க வேண்டும். நாற்பது நிமிடம், நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நிற்க ஐந்து நிமிடம். வருகைப் பதிவு, ஷூ அணியாதவரை விசாரிப்பது, பந்துக்குக் காற்றடிப்பது என்று இன்னொரு ஐந்து. கை கால் கழுவி, தண்ணீர் குடித்து, வகுப்புக்குத் திரும்ப ஐந்து. எஞ்சுவது இருபத்தைந்து நிமிடம். அன்றைக்கு நீளம் தாண்டுதல் என்று ஆசிரியர் முடிவு செய்கிறார். மணல் குழி ஒன்றுதான். ஒருவர் ஓடி வந்து தாண்டி, எழுந்து விலகி, அடுத்தவர் கோட்டில் நிற்க முக்கால் நிமிடம் ஆகும். நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு தடவை தாண்டவே முப்பது நிமிடம் வேண்டும். அதாவது, வரிசையின் கடைசியில் நிற்கும் ஆறேழு பிள்ளைகள் ஒரு தடவைகூடத் தாண்டாமலே மணி அடித்துவிடும். தாண்டியவர்களும் அந்த நேரம் முழுக்க நின்றுகொண்டுதான் இருந்திருப்பார்கள்.

அதே இருபத்தைந்து நிமிடத்தில் அந்த வகுப்பை நான்காகப் பிரித்து, ஒரு குழுவை மணல் குழிக்கும், ஒன்றை ஸ்கிப்பிங் கயிற்றுக்கும், ஒன்றைக் கோன்கள் வைத்த குறுக்கோட்டத்துக்கும், ஒன்றைப் பந்து எறிந்து பிடிக்கவும் அனுப்பி, ஆறு நிமிடத்துக்கு ஒரு விசில் ஊதி இடம் மாற்றச் சொன்னால் கணக்கே மாறிவிடுகிறது. எல்லோரும் குழிக்கு வருகிறார்கள், நீண்ட வரிசையில் யாரும் நிற்பதில்லை. குழி அதேதான், தரையும் அதேதான். மாறியது, அந்தப் பாடத்தை முந்தைய நாளே திட்டமிட்டுவைத்த ஒருவர் அங்கே இருந்தது மட்டும். ஆசிரியரை முதலில் வைக்கச் சொல்வதன் அடிப்படை இதுதான்.

பெரிய மைதானமும் சின்னக் களங்களும்

முழு அளவுக் கால்பந்து மைதானம் ஒன்று 105-க்கு 68 மீட்டர், அதாவது 7,140 சதுர மீட்டர். அதில் ஒரே நேரத்தில் ஆடுவது 22 பேர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பதினெட்டுப் பேர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆடும் 22 பேரிலும் பந்து காலில் படாமலே ஆட்டத்தை முடிப்பவர்கள் உண்டு. அதே மைதானத்தில் 30-க்கு 20 மீட்டர் அளவில் நான்கு சின்னக் களங்களைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்து, பக்கத்துக்கு ஐந்து பேர் என்று விட்டால் நாற்பது பேரும் ஆடலாம். அதற்குத் தேவை 2,400 சதுர மீட்டர், மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு. மிச்ச இடத்தில் இன்னொரு வகுப்பு ஆடலாம்.

இடம் குறைந்த பள்ளிகளுக்கு இது பெரிய ஆறுதல். கைப்பந்துக் களம் 18-க்கு 9 மீட்டர்தான். சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டாலும் 360 சதுர மீட்டரில் அடங்கிவிடும். கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர். கூடைப்பந்துக் களம் 28-க்கு 15. இவற்றில் எதற்கும் பெரிய மைதானம் தேவையில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பார்வையற்றவர்கள் மணி பொருத்திய பந்தைக் கொண்டு ஆடும் கோல்பால் விளையாட்டின் களமும் சரியாக 18-க்கு 9 மீட்டர்தான். உட்கார்ந்து ஆடும் கைப்பந்துக்கு 10-க்கு 6 மீட்டர் போதும். ஆகவே ஒரே ஒரு கைப்பந்துக் களத்தைச் சமதளமாக, வழுக்காத தரையோடு, சக்கர நாற்காலி வந்து சேரும் பாதையோடு அமைத்துவிட்டால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து ஸ்கோர் எழுதச் சொல்லும் நிலை வராது. இந்தப் பாதையை வரைபடம் போடும்போதே சேர்த்தால் செலவு சொற்பம். பிறகு சேர்ப்பதென்றால் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

சின்னக் களங்களை இவ்வளவு தாங்கிப் பேசுவதால் பெரிய இடத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இருக்கும் நிலத்தைக் காப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். புதிய வகுப்பறைத் தொகுதி, வாகன நிறுத்தம், கலையரங்கம் என்று ஒவ்வொன்றாக மைதானத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டே வந்தால் ஒருநாள் மைதானமே இருக்காது. பணம் அடுத்த ஆண்டும் வரும், ஆசிரியரை அடுத்த ஆண்டும் நியமிக்கலாம். போன நிலம் போனதுதான். இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளின் விளையாட்டு மைதானங்கள் பல விற்கப்பட்ட பிறகே, அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 1998-ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டத்தில் 77-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. அப்படிப்பட்ட சட்டப் பாதுகாப்பு இல்லாத இடங்களில் பள்ளி நிர்வாகமே ஒரு தீர்மானம் போட்டு, எல்லைக் கோட்டை வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

செயற்கைப் புல்

இதன் நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. இயற்கைப் புல்தரையில் தொடர்ந்து ஆடினால் புல் தேய்ந்து கட்டாந்தரையாகும், மழையில் சேறாகும், இடையிடையே ஓய்வு கொடுத்தாக வேண்டும். செயற்கைப் புல்லில் காலை முதல் இரவு வரை வகுப்புக்கு மேல் வகுப்பு இறக்கலாம். நெருக்கமான இடத்தில் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிக்கு இது உண்மையிலேயே பெரிய லாபம்.

விலைப்பட்டியலில் வராத விஷயங்கள் மூன்று. முதலாவது ஆயுள். பொதுவாக 8 முதல் 10 ஆண்டுகளில் மேல்விரிப்பை மாற்ற வேண்டிவரும். எனவே ஒரே தடவைச் செலவு என்ற கணக்கு தவறு. முதல் ஆண்டிலிருந்தே மாற்றுச் செலவுக்குப் பணம் ஒதுக்காத பள்ளியில், பத்தாவது ஆண்டில் தையல் பிரிந்து தடுக்கிவிடும் விரிப்புதான் மிஞ்சும். இரண்டாவது வெப்பம். கடும் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அதே வெயிலில் இயற்கைப் புல் அவ்வளவு சூடேறாது. வெயில் கடுமையாக உள்ள இடங்களில் காலை பதினொன்று முதல் மாலை மூன்று வரையுள்ள பீரியடுகள் அந்தத் தரையில் நடக்கவே முடியாமல் போகலாம். அப்படியானால் நாள் முழுக்க ஆடலாம் என்ற லாபத்தில் பாதி கரைந்துவிட்டது. மூன்றாவது, புல் இழைகளுக்கு நடுவே நிரப்பும் ரப்பர் துகள்கள். மழையிலும் ஷூவிலும் வெளியேறும் இவை நுண்பிளாஸ்டிக் மாசு என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் தடை விதித்தது. எட்டாண்டு அவகாசத்துக்குப் பின் 2031-இல் அங்கே அவற்றின் விற்பனை நிற்கும். இப்போது தரை போடும் பள்ளி எதுவானாலும், துகள் தேவைப்படாத வகையோ தக்கை போன்ற இயற்கைப் பொருள் நிரப்பும் வகையோ கிடைக்குமா என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும்.

உள்ளரங்கம்

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் மாணவர்கள், வகுப்புக்கு நாற்பது பேர் என்றால் 25 பிரிவுகள். பிரிவுக்கு வாரம் இரண்டு உடற்கல்வி பீரியட் என்றாலே 50 பீரியட். நாளுக்கு எட்டு வீதம் வாரம் ஐந்து நாளில் இருப்பதோ 40 பீரியட்தான். ஒரு கூடைப்பந்துக் களம் மட்டும் கொள்ளும் உள்ளரங்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு வகுப்புதான் ஆட முடியும். காலையிலிருந்து மாலை வரை காலியே இல்லாமல் நிரப்பினாலும் பத்து பீரியட் வெளியே நிற்கும். போதாக்குறைக்கு ஆண்டு விழா ஒத்திகை, தேர்வு மேசைகள், பெற்றோர் கூட்டம் எல்லாம் அதே அரங்கத்துக்குத்தான் வந்து சேரும். தேர்வுக் காலத்தில் எத்தனை வாரம் அது மூடிக்கிடக்கும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கண் பார்வை சம்பந்தமான ஒரு விஷயமும் இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒரு சாரார் பள்ளிகளில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்கும் வகுப்பு சேர்க்கப்பட்டது. மூன்றாண்டுகளில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் நடத்திய பள்ளிகளில் அது 39.5 சதவீதம். வெளிச்சத்தில் இருப்பதே ஒரு பாதுகாப்பு. எல்லா விளையாட்டையும் கூரைக்கு அடியில் கொண்டுபோய்விட்டால் அதை இழக்கிறோம். நிழல்தான் தேவை என்றால் மரம் நடலாம், சுவரில்லாத கூரை போடலாம். பக்கச் சுவர், தரைப் பலகை, காற்றோட்ட இயந்திரம் எதுவும் இல்லாத திறந்த கூரைக்கு ஆகும் செலவு முழு அரங்கத்தோடு ஒப்பிடும்போது மிகக் குறைவு.

நீச்சல் குளமும் பகிர்ந்துகொள்வதும்

நீச்சல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற விளையாட்டு தெரியாவிட்டால் ஓர் இன்பம் குறையும், நீச்சல் தெரியாவிட்டால் உயிரே போகலாம். ஜப்பானில் 1955-இல் ஷியுன் மாரு என்ற படகு மூழ்கி, சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள் உட்பட 168 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு அங்கே பள்ளிதோறும் குளம் கட்டும் வேகம் கூடியது. அதே ஜப்பானில் இப்போது அந்தக் குளங்கள் பழுதாகிவருகின்றன. செப்பனிடும் செலவைத் தாங்க முடியாமல் பல பள்ளிகள் தங்கள் குளத்தை மூடிவிட்டு, பொதுக் குளங்களுக்கும் தனியார் நீச்சல் பள்ளிகளுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. தண்ணீர் சுத்திகரிப்பு, குளோரின் அளவு, உயிர்காப்பாளர், வேலி என்று குளம் ஆண்டு முழுக்கக் காசு கேட்கும், ஆனால் ஆண்டில் சில மாதங்கள்தான் பயன்படும். நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து ஒரு பொதுக் குளத்தில் நேரம் வாங்கிக்கொள்வதே சரியான வழி. அதற்கான போக்குவரத்துச் செலவை நிதியில் சேர்த்துவிட வேண்டும்.

ஓடுதளத்துக்கும் இதே பதில்தான். 400 மீட்டர் தளத்துக்கு ஏறக்குறைய 177-க்கு 93 மீட்டர் இடம் வேண்டும். அவ்வளவு நிலம் உள்ள பள்ளிகள் சிலதான். ஆண்டுப் போட்டிக்குப் பொது ஸ்டேடியத்தை வாங்கிக்கொள்ளலாம்.

அன்றாட விளையாட்டுக்குப் பகிர்வை நம்புவது மட்டும் ஆபத்து. பக்கத்துப் பூங்காவுக்கு நடந்து போய்வரவே பீரியடில் பாதி போய்விடும். எதிர்த்திசையில் பள்ளி தன் மைதானத்தை மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதையோ நான் முழுமனதோடு ஆதரிப்பேன். பாரிஸ் நகரம் பள்ளி முற்றங்கள் பலவற்றின் தார்த்தரையைப் பெயர்த்து, மரமும் மண்ணும் நிழலும் கொண்டுவந்து, வார இறுதியில் பொதுமக்களுக்கும் திறந்துவிடுகிறது. பூட்டு யார் பொறுப்பு, குப்பை யார் அள்ளுவது, அடிபட்டால் யார் பொறுப்பேற்பது என்ற மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டால் பிற்பாடு மனக்கசப்பு வராது.

வெளிப் பயிற்சியாளரா, சொந்த ஆசிரியரா?

தனியார் பயிற்சி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவது இப்போது பரவலாக இருக்கிறது. பளிச்சென்ற சீருடை, புதுப் பந்துகள், வாரம் இரண்டு வகுப்பு. குறிப்பிட்ட ஒரு விளையாட்டில் திறமையுள்ள பிள்ளைகளுக்கு இது நிஜமாகவே உதவும். பள்ளி முடிந்த பிறகு கூடுதலாக நடத்தினால் மறுப்பே கிடையாது. ஆனால் பாட நேரத்தையே அவர்களிடம் ஒப்படைத்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் பள்ளியின் கையில் எதுவும் மிஞ்சாது. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகளின் விளையாட்டுக்கென 2013-இல் தனி நிதி தொடங்கியது. 2017-இல் அது ஆண்டுக்கு 32 கோடி பவுண்டாக இரட்டிப்பானது. இருக்கும் ஆசிரியர்களின் திறமையை வளர்ப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. வழக்கமான உடற்கல்விப் பாடத்தை நடத்த வெளியாட்களை அமர்த்த அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்றே விதி வைத்தார்கள்.

நிரந்தர ஆசிரியருக்குத் தெரிந்தவை ஒப்பந்தப் பயிற்சியாளருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஏழாம் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எந்தப் பெண் மாதவிடாய் நாட்களில் மைதானத்துக்கு வரத் தயங்குகிறாள், எந்தப் பையனை அணி பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடுவதில்லை என்பதெல்லாம் நாளும் பார்ப்பவருக்கே தெரியும். அணித் தலைவர்களை விட்டு ஆள் எடுக்கச் சொல்லும் பழக்கத்தை நிறுத்தி, எண் சொல்லிப் பிரித்தாலே அந்தப் பையன் உடற்கல்வியை வெறுக்கமாட்டான். பத்துப் பைசா செலவில்லாத மாற்றம் இது.

இடமில்லாத நிலையில் ஆசிரியர் என்ன செய்வார் என்பதற்கு வரலாற்றில் இரண்டு சாட்சிகள் உண்டு. 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதி, கூடைப்பந்தைத் தொடங்கினார். நான்காண்டுகள் கழித்து, அதே மாநிலத்தில் இன்னொரு உடற்கல்விப் பயிற்றுநர் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். உலகமே ஆடும் இரண்டு விளையாட்டுகள், கிடைத்த அறையையும் கிடைத்த பொருளையும் வைத்து ஆசிரியர்கள் கண்டவை.

நல்ல ஆசிரியர் இருந்தும் பீரியட் பறிபோனால் பயனில்லை. தேர்வு நெருங்கியதும் முதலில் கைவைக்கப்படுவது இந்த பீரியடில்தான். ஆண்டு முழுக்க உட்கார்ந்தே படிக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில்தான் ஓடியாடுவது அதிகம் தேவை என்பதால், இதை எவ்வளவு வன்மையாகச் சொன்னாலும் தகும். ஹங்கேரி 2012 முதல் தினமும் உடற்கல்வியைக் கட்டாயமாக்கியது. டென்மார்க் 2014 முதல் பள்ளி நாளில் சராசரியாக 45 நிமிட உடலியக்கத்தை விதியாக்கியது. பள்ளி அளவில் தலைமையாசிரியரின் கையெழுத்தே போதும்: இந்த பீரியடை வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை.

செலவே இல்லாத வழி ஒன்று

ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி 2012-இல் தினமும் 15 நிமிடம் எல்லாப் பிள்ளைகளையும் வெளியே அனுப்பி, ஓடவோ நடக்கவோ விட்டது. உடை மாற்ற வேண்டாம், போட்டியும் இல்லை. தினசரி மைல் என்று அது பல நாடுகளுக்குப் பரவியது. அதைக் கடைப்பிடித்த பிள்ளைகளின் உடல்திறன் கூடியதாக 2018-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. பள்ளியைச் சுற்றி ஒரு பாதை இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். ஆனால் இது உடற்கல்வி ஆகாது. எறிய, பிடிக்க, தாண்ட, தோற்றாலும் கைகுலுக்கக் கற்றுத்தர ஓட்டத்தால் முடியாது. ஓட்டம்தான் இருக்கிறதே என்று பீரியடை எடுத்துவிட்டால் நன்மையைவிடத் தீமையே அதிகம்.

பணத்தை எந்த வரிசையில் போடுவது

ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி என்றால் முதலில் இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள், ஆணும் பெண்ணுமாக. மேலே சொன்ன 50 பீரியடை ஒருவரால் சமாளிக்க முடியாது. அடுத்து உபகரணங்கள்: நான்கு பேருக்கு ஒரு பந்து, கயிறு, கோன், சிறுவர் கைக்கேற்ற சின்ன மட்டைகள். இவை தேயும் பொருட்கள். எனவே ஆண்டுதோறும் வாங்கத் தொகை வேண்டும். பந்தைப் பூட்டிவைத்தால் பந்து புதிதாக இருக்கும், பிள்ளைகளுக்கு மட்டும் பயனில்லை.

மூன்றாவதாக நான் வைப்பது குடிநீர், கழிவறை, உடை மாற்றும் அறை. இதை விளையாட்டுச் செலவாகவே எழுத வேண்டும். பதின்ம வயதுப் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு விலகுவதற்குச் சொல்லப்படும் விருப்பமின்மை என்ற காரணத்துக்குப் பின்னால், தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு இருப்பதுண்டு. இடைவேளையில் மைதானத்தின் நடுப்பகுதியை மூத்த பையன்கள் ஒரே பந்தோடு பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சுவரோரம் நிற்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாள்வாரியாக இடத்தைப் பங்கிட்டுத் தருவது எளிது.

நான்காவது, மண் தரையைச் சமன்படுத்தி, வடிகால் அமைத்து, கோடு போட்ட சின்னக் களங்கள், நிழல், சக்கர நாற்காலிப் பாதை. இவை எல்லாம் நடந்து, இரண்டு ஆண்டு பீரியட் தவறாமல் ஓடிய பிறகும் பணம் இருந்தால் செயற்கைப் புல்லோ உள்ளரங்கமோ பேசலாம்.

இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. மாதக்கணக்கில் விடாத மழை, உறைபனி, அல்லது வெளியே மூச்சுவிட முடியாத காற்று மாசு உள்ள இடங்களில் கூரை முன்னால் வந்துவிடும். அங்கேயும் ஆசிரியருக்கு அடுத்தபடியாகத்தான் வரும். அப்படிக் கட்டும் பள்ளி, ஒரே பெரிய அரங்கத்துக்குப் பதில் நடுவே திரை இழுத்து இரண்டு வகுப்பை ஒரே நேரத்தில் நடத்தும்படி வரைபடம் கேட்டு வாங்கட்டும். தேர்வு மேசைகளுக்கு வேறு இடம் இருக்கிறதா என்பதையும் அடிக்கல் நாட்டும் முன்பே எழுதி வாங்கட்டும்.